பட்டாளத்துப் பூசணிக்காய்

புனே கேம்ப் பகுதியில் ஆட்டோ பிடித்து “ஒஹேல் தாவீத் ஜெபஆலயம்” என்று சொன்னால், ஓட்டுநர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். “லால் தேவூள்” என்று சொல்லுங்கள், வண்டி கிளம்பிவிடும். மராத்தியில் அதற்குச் சிவப்புக் கோயில் என்று பொருள். செங்கல் சிவப்பு, ஊசிக் கோபுரம், கோபுரத்தில் கடிகாரம். தூரத்திலிருந்து பார்த்தால் சர்ச். கிட்டே போனால் யூதர்கள் தொழும் இடம். ஊர் வைத்த பெயரோ கோயில். மூன்று மதத்தாரும் சண்டை பிடிக்கத் தோதான கட்டடம்தான். ஆனால் வெளியாள் யாரும் அதற்காக மெனக்கெடவில்லை. சண்டையை யூதர்களே உள்ளுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

யூதர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. ஆளில்லாத் தீவில் ஒரு யூதர் பல வருடம் தனியாகக் கிடந்தார். மீட்க வந்தவர்கள் பார்த்தால், மனிதர் இரண்டு ஜெபஆலயம் கட்டி வைத்திருக்கிறார். “ஒற்றை ஆளுக்கு எதற்கய்யா இரண்டு?” என்று கேட்டார்கள். “இது நான் தொழுகிற இடம். அது செத்தாலும் நான் கால் வைக்காத இடம்” என்றாராம். புனே தீவு இல்லை, ஆனால் ஜெபஆலயம் இரண்டு. பாக்தாத்திலிருந்து வந்த பணக்கார யூதர்களுக்கு 1867இல் முடிந்த லால் தேவூள். கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஆட்டிய பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு ராஸ்தா பேட்டில் 1921இல் எழுந்த சுக்கத் ஷெலோமோ. பெனே இஸ்ரேல்காரர்கள் சனிக்கிழமை செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊர் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்று அழைத்தது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆட்கள்தான், சனிக்கிழமை மட்டும் எள் எள்ளாகவே இருக்கும். பாக்தாத்காரர்களுக்கோ இவர்கள் அசல் யூதர்கள்தானா என்று ஓயாத சந்தேகம். மும்பையில் 1836இலேயே இடுகாட்டுக்கு நடுவே சுவர் கேட்டுச் சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாதாம்.

இப்படிப்பட்ட சமூகத்திடம் போய், தன்பாலீர்ப்புள்ளவர்கள் அதை மறைக்காமல் பட்டாளத்தில் இருக்கலாமா என்று கேட்டால் என்ன ஆகும்? மூன்று கண்டங்களில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, குடுமிப்பிடி ஆகும். அந்தக் கூத்தின் முதல் நடிகர்கள் இந்த லால் தேவூள் வளாகத்தில் புதைந்திருப்பவரின் கொள்ளுப்பேரன்கள் என்பதால்தான் நான் புனேயிலிருந்து தொடங்குகிறேன்.

*

முதலில் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். அவர்கள் பட்டாளத்தில் இருக்கலாமா என்ற கேள்வியை எந்தத் தளபதியும் மனப்பூர்வமாகக் கேட்டதில்லை. பட்டாளம் என்று ஒன்று தோன்றிய நாள் முதல் அவர்கள் அதில் இருக்கிறார்கள் என்பது தளபதிக்கும் தெரியும், சமையல்காரருக்கும் தெரியும். இருந்துவிட்டுப் போ, வாயைத் திறக்காதே என்பதுதான் பேரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் சொல்வோமே, அதையே ஒழுங்குமுறை விதியாக்கி, பித்தளைப் பொத்தான் வைத்துத் தைத்து மாட்டிக்கொண்டதுதான் இந்த வரலாறு.

வாயைத் திறந்ததால் உயிர் பிழைத்த ஒரு பட்டாளத்துக்காரரின் கதை பெனே இஸ்ரேல்காரர்களிடம் இருக்கிறது. சாமாஜி ஹசாஜி திவேகர் என்று பெயர். ஏட்டில் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். கம்பெனிப் பட்டாளத்தில் அதிகாரி. மைசூர் யுத்தத்தில் திப்புவிடம் பிடிபட்டார். கொல்ல நிறுத்திய வரிசையில் இவர் முறை வந்தபோது, “நீ யார்?” என்ற கேள்வி வந்ததாம். “பெனே இஸ்ரேல்” என்றாராம். இஸ்ரேலின் மக்களா, குர்ஆனில் வருகிற பெயராயிற்றே, நேரில் ஒருவரைப் பார்த்ததே இல்லையே என்று திப்புவின் தாயார் தலையிட்டு உயிரைக் காப்பாற்றினார் என்பது சொல்வழக்கு. திவேகர் ஊர் திரும்பி, நேர்ந்துகொண்டபடி 1796இல் மும்பையின் முதல் ஜெபஆலயத்தைக் கட்டினார். அதன் பெயர் ‘கருணையின் வாசல்’. அந்த ஜெபஆலயம், பின்னர் இடம் மாறி, இன்றும் இருக்கிறது. கதையில் எத்தனை பங்கு உப்பு, எத்தனை பங்கு புளி என்று நான் அளக்கப் போவதில்லை. கேட்டார்கள், சொன்னார், பிழைத்தார். அதற்கு 200 வருடம் கழித்து உலகின் மிகப் பெரிய வல்லரசு, “கேட்காதே, சொல்லாதே” என்று ஒரு சட்டம் போட்டது. திப்புவின் தாயாருக்கு இருந்த ஆர்வம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இல்லை.

*

இனி லால் தேவூள் முதலாளிக்கு வருவோம். தாவீத் சசூன், 1792இல் பாக்தாத்தில் பிறந்தவர். அங்கே ஆளுநரின் தொல்லை தாங்காமல் தப்பி, 1830களின் தொடக்கத்தில் மும்பைக்கு வந்தார். பஞ்சும் அபினியும் வியாபாரம். சீனாக்காரனுக்கு மயக்கம் விற்ற காசில் புனேக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வந்தது. சசூன் ஆஸ்பத்திரி இன்றும் ஊரின் பெரிய அரசு ஆஸ்பத்திரி. 1853இல் பிரிட்டிஷ் குடிமகனாகி, ஆங்கிலம் எழுத வராததால் எபிரேயத்தில் கையெழுத்துப் போட்டார். எட்டு மகன்கள். கோட்டு சூட்டு மகன்களுக்கு, தனக்குக் கடைசி வரை பாக்தாத் அங்கிதான். 1864இல் புனேயில் இறந்தார். லால் தேவூள் பாதி கட்டியபடி நின்றது. கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி செயின்ட் கிளேர் வில்கின்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர். ராணுவத்துக்காரரிடம் ஜெபஆலயம் கேட்டால் சர்ச்தான் கிடைக்கும் என்று அன்று யாரும் எச்சரிக்கவில்லை போலிருக்கிறது.

செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு கட்டுமானமும் நடந்து முடிந்திருந்தது. மெக்காலே வரைந்து, கால் நூற்றாண்டு பரணில் கிடந்து, பலர் கைபட்டு, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம். அதில் 377ஆவது பிரிவு, “இயற்கைக்கு மாறான” உறவுக்கு ஆயுள் தண்டனை வரை. எது இயற்கை, எது மாறு என்ற விளக்கம் கிடையாது. இதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சு எழும்படி ஒரு சொல்லும் எழுத மாட்டோம் என்று மெக்காலே தன் வரைவிலேயே சொல்லிவிட்டார். அதாவது குற்றத்தை எழுதுவார், குற்றம் என்னவென்று எழுதமாட்டார். சட்டமே பூசணிக்காயைச் சோற்றில் புதைத்தபடிதான் பிறந்தது.

பட்டாளம் இதைவிடக் கெட்டி. லால் தேவூள் இருந்த கன்டோன்மென்ட் உலகத்தில் ‘லால் பஜார்’ என்று ஒன்றும் உண்டு. வெள்ளைச் சிப்பாய்களுக்காகச் சர்க்காரே மேற்பார்வை பார்த்த விலைமாதர் தெரு. லண்டனில் ஒழுக்கவாதிகள் இதை மூடச் சொல்லி முண்டாசு கட்டியபோது, மூடினால் இதைவிட வருந்தத்தக்க கேடுகள் வரும் என்று 1894இல் வைஸ்ராய் எல்ஜின் பிரபு எச்சரித்தார். எந்தக் கேடு என்று அவரும் உடைத்துச் சொல்லவில்லை. படித்த எல்லாருக்கும் புரிந்தது. புரிந்ததை யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

*

இப்போது கதாநாயகன். தாவீத் சசூனின் பேரன் ஆல்ஃபிரட், குடும்பத்தில் முதல் ஆளாக யூதரல்லாத பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் பெயர் தெரேசா தார்னிகிராஃப்ட், சிற்பிகள் குடும்பம். ஆல்ஃபிரடின் தாயார், மகன் செத்துவிட்டான் என்று துக்கம் காத்தார், பிறக்கப்போகும் பிள்ளைகளையும் சேர்த்துச் சபித்தார் என்பது குடும்பக் கதை. சொத்தில் பங்கு இல்லை. இந்தச் சாபத்தோடு 1886இல் கென்ட் நாட்டுப்புறத்தில் பிறந்த இரண்டாவது பையனுக்கு வாக்னர் மீது பித்துக்கொண்ட தாயார் வைத்த பெயர் சீக்ஃபிரீட். கொஞ்சம் யோசியுங்கள். பாக்தாத் யூதரின் கொள்ளுப்பேரன், யூதர்களைக் கண்டாலே ஆகாத ஜெர்மன் இசைக்காரரின் நாயகன் பெயர், பிரிட்டிஷ் ராணுவ உடுப்பு, எதிரே ஜெர்மன் படை. இதற்கு மேல் ஒருவர் வாழ்க்கையைச் சிக்கலாக்க வேண்டுமென்றால், அவருக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்றும் சேர்க்க வேண்டும். அதுவும் சேர்ந்தது.

1911இல் இளைஞர் சீக்ஃபிரீட் தன் மனத்தைத் திறந்து ஒரு கடிதம் எழுதினார், எட்வர்ட் கார்ப்பென்டருக்கு. அக்கால இங்கிலாந்தில் ஆணும் ஆணும் காதலிப்பதில் குற்றமில்லை என்று புத்தகமே போட்ட துணிச்சல்காரர் அவர். கார்ப்பென்டரின் கேம்பிரிட்ஜ் சிநேகிதர் யார் தெரியுமா? நம்ம யாழ்ப்பாணத்து வம்சம், கொழும்பு பொன்னம்பலம் அருணாசலம். அவர் வழியாக 1890இல் இலங்கைக்கு வந்து, ஒரு தமிழ் ஞானியின் காலடியில் உட்கார்ந்து வேதாந்தம் கேட்டுவிட்டுப் போனவர் கார்ப்பென்டர். லண்டனில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று தேடிய சசூன் வீட்டுப் பையனுக்கு அகப்பட்டவர், தமிழரிடம் பாடம் கேட்ட மனிதர். உலகம் சின்னது. அதில் நம்மவர்கள் எங்கும் இருப்பார்கள்.

1914 ஆகஸ்ட் 4, பிரிட்டன் போர் அறிவித்த நாளிலேயே சீக்ஃபிரீட் உடுப்பு மாட்டியிருந்தார். அடுத்த ஆண்டு ராயல் வெல்ச் ஃப்யூசிலியர்ஸ் ரெஜிமென்டில் அதிகாரி. 1916 மார்ச்சில் அவர் நெஞ்சில் வைத்திருந்த நண்பர் டேவிட் தாமஸ் சுடப்பட்டு இறந்தார். அதன் பிறகு இவருக்குப் பயம் விட்டுப்போனது. இரவில் முள்வேலி தாண்டிப் போவார், குண்டோடு திரும்புவார். ஆட்கள் வைத்த பெயர் ‘பைத்தியக்கார ஜாக்’. மே மாதம் ஒன்றரை மணி நேரம் குண்டுமழையில் நின்று காயம்பட்டவர்களை இழுத்து வந்ததற்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம். ஜூலையில் இன்னும் மோசம். பட்டப்பகலில் தனி ஆளாக ஒரு ஜெர்மன் பதுங்குகுழிக்குள் குதித்தார். அதிலிருந்த கூட்டம், பின்னால் பெரும்படை வருகிறது என்று எண்ணி ஓடிவிட்டது. பின்னால் ஒருவரும் இல்லை. பிடித்த இடத்தை என்ன செய்வது? ஆள் அனுப்பச் சொல்லி ஆணை அனுப்பியிருக்கலாம். மனிதர் உட்கார்ந்து, பையிலிருந்து கவிதைப் புத்தகம் எடுத்துப் படித்தாராம். நம்மவர் யாரோ முன்னால் இருக்கிறார்கள் என்ற தகவலால் பீரங்கித் தாக்குதல் மணிக்கணக்கில் தள்ளிப்போய், கர்னல் கத்தித் தீர்த்தார் என்று நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் வந்தால் பட்டாளத்தின் கட்டுக்கோப்பு கெட்டுவிடும் என்பது பிற்காலத்துத் தளபதிகளின் வாதம். இவர் கெடுத்தது உண்மைதான். ஆனால் கெடுத்தது கவிதை.

இதே போரில் இன்னொரு கொள்ளுப்பேரன், சர் ஃபிலிப் சசூன். ஒன்றுவிட்டு ஒன்றுவிட்ட சகோதரர் முறை. தாயார் ராத்ஸ்சைல்ட் வீட்டுப் பெண், ஆகவே பணத்தின் மீது பணம். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருக்கும் ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது ஊர் அறிந்த ரகசியம் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இவர் 1915 டிசம்பரிலிருந்து தளபதி டக்ளஸ் ஹெய்க்கின் அந்தரங்கச் செயலாளர். அதாவது, ஒரு சசூன் சேற்றில் நின்று “இந்த மாதிரிக் கட்டளையை எந்தப் புண்ணியவான் அனுப்புகிறான்?” என்று திட்டிக்கொண்டிருந்தபோது, இன்னொரு சசூன் புண்ணியவானின் கடிதங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். தன்பாலீர்ப்பு குறித்து யூதர்கள் சண்டை போட்டார்கள் என்கிறோம். இங்கே தன்பாலீர்ப்புள்ள இரண்டு சசூன்கள், போரே சரியா தவறா என்பதில் எதிரெதிர்க் கட்சி. அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்தக் குடும்பத்தோடு ஒரு தீபாவளி கழித்திருக்க வேண்டும்.

1917 ஜூலையில் சீக்ஃபிரீட் உண்மையாகவே வாயைத் திறந்தார். தன் அந்தரங்கத்தைப் பற்றி இல்லை, போரைப் பற்றி. முடிக்கக்கூடியவர்களே வேண்டுமென்று இந்தப் போரை நீட்டுகிறார்கள் என்று அறிக்கை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். ஜூலை 30 அன்று அது நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. பதக்கத்தின் ரிப்பனைப் பிய்த்து மெர்சி ஆற்றில் எறிந்தார். பதக்கம் வாங்கிய வீரனை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் அசிங்கம். ஆகவே, சொன்னதை மறுக்க வேண்டாம், சொன்னவருக்கு நரம்புக் கோளாறு என்று அறிவித்துவிடலாம் என முடிவு செய்து, எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே வைத்தியம் பார்த்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இந்தப் பெயரை ஊட்டிக்காரர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1901, 1902இல் நீலகிரியில் தங்கி, தோடர் மந்துகளைச் சுற்றி வந்து, யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் மச்சான் என்று வம்சாவளி எழுதி, 1906இல் தடித்த புத்தகம் போட்டவர். அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும் ஒரே மனைவி என்ற ஏற்பாட்டை முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டு வந்த மனிதரிடம், எந்த ராணுவ அதிகாரி எதைச் சொல்லி அதிர்ச்சி கொடுத்துவிட முடியும்? தோடர்களிடம் கேட்டது போலவே இவரிடமும் பொறுமையாகக் கேட்டார். சீக்ஃபிரீட் வாழ்நாள் முழுக்க அவரை அப்பாவுக்குச் சமமாக வைத்திருந்தார். நீலகிரியில் பழகிய காது அது.

பிறகு சீக்ஃபிரீட் தானாகவே போருக்குத் திரும்பினார். தன் ஆட்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் பத்திரமாக இருக்க மனம் வரவில்லை. 1918 தொடக்கத்தில் பாலஸ்தீனம். கொள்ளுத்தாத்தா தினம் மூன்று வேளை எந்தத் திசை பார்த்துத் தொழுதாரோ, அந்த எருசலேம் பக்கத்து மலைகளில் கொள்ளுப்பேரன் முகாமிட்டு, பறவைகளைக் கவனித்து நாட்குறிப்பு எழுதினார். பின் மறுபடி பிரான்ஸ். 1918 ஜூலையில் தலையில் குண்டு. சுட்டது ஜெர்மானியன் இல்லை. ரோந்து போய்த் திரும்பியவரை எதிரி என்று எண்ணிச் சுட்ட சொந்தப் படை சார்ஜென்ட். பட்டாளத்தில் அடையாளத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது ஒரு மரபு. பிழைத்துக்கொண்டார்.

*

அதன் பிறகு ஆண்களோடு காதல், 1933இல் ஒரு பெண்ணோடு கல்யாணம், ஒரு மகன், 1957இல் கத்தோலிக்க மதம். பாக்தாத், புனே, கென்ட், ரோம் என்று குடும்பப் பயணம் நிறைவேறியது. 1967 செப்டம்பர் 1 அன்று இறந்தார்.

அதற்கு ஐந்தே வாரம் முன்பு, ஜூலை 27 அன்றுதான், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது தாண்டிய ஆண்கள் இருவர் தனியறையில் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் லியோ ஆப்ஸ், வேல்ஸ் நாட்டு யூதர். நல்லது. ஆனால் சட்டத்தின் அடியில் ஒரு சின்ன வரி: முப்படைகளுக்கு இது செல்லாது. போர்க்களத்தில் பதக்கம் வாங்கி, தலையில் குண்டு வாங்கி, எண்பது வயதைத் தாண்டிய கிழவர் சாகும் தறுவாயில் சட்டப்படி நிரபராதி. ஆனால் அவர் ரெஜிமென்டில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்திருந்தால், அவன் குற்றவாளி. படையில் தன்பாலீர்ப்புள்ளவர்களுக்கு இருந்த தடையை 2000 ஜனவரியில்தான் எடுத்தார்கள். அதற்கும் முந்தைய செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்ட வேண்டியிருந்தது.

1967ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லால் தேவூள் கட்டி முடித்து சரியாக நூறு வருடம். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தையே உலுக்கிய கொய்னா நிலநடுக்கமும் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

*

பிரிட்டிஷ்காரர்கள் போன இடமெல்லாம் தேயிலையும் 377 மாதிரியான சட்டமும் நட்டார்கள். நமக்கு 1860, பாலஸ்தீனத்துக்கு 1936. இஸ்ரேல் பிறந்த பிறகும் அந்தச் சட்டம் ஏட்டில் தூங்கி, 1988இல்தான் போயிற்று. ராணுவத்திலோ, ஆள் சேர்ப்பார்கள், ஆனால் ரகசிய வேலை தரமாட்டார்கள். பயமுறுத்தி ரகசியத்தைக் கறந்துவிடுவார்களாம். மறைத்தால்தானே மிரட்ட முடியும், ஊரறியச் சொன்னவனை எதைச் சொல்லி மிரட்டுவது என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றவைத்தவர் ஊசி ஈவன், டெல் அவிவ் வேதியியல் பேராசிரியர். பாதுகாப்பு ஆராய்ச்சியில் இருந்தவர். தன் விஷயம் தெரியவந்ததும் பதவியும் அனுமதியும் பறிபோயின. 1993 பிப்ரவரியில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் எழுந்து இதைச் சொன்னார். கூட்டத்தைக் கூட்டியவர் யேல் தயான், ஒற்றைக் கண் தளபதி மோஷே தயானின் மகள். அம்மணி அத்தோடு விடவில்லை. தாவீது ராஜா, போரில் செத்த யோனத்தானுக்காக அழுத அழுகையைச் சாமுவேல் புத்தகத்திலிருந்தே எடுத்துச் சபையில் வாசித்துவிட்டார். பெண்களின் அன்பைவிட அவன் அன்பு பெரியது என்று ராஜாவே புலம்பியிருக்கிறாரே, இருவரும் படைவீரர்கள்தானே என்பது கேள்வி. மதக் கட்சிக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். அது தூய நட்பு என்றார்கள். ராஜாவை இழிவுபடுத்திவிட்டாள் என்றார்கள். ‘ஒஹேல் தாவீத்’ என்றால் தாவீதின் கூடாரம். அந்தக் கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்று மூவாயிரம் வருடம் கழித்து ஒரு நாடாளுமன்றம் மண்டையை உடைத்துக்கொண்டது. பிரதமர் ராபின் பழைய தளபதி. பாகுபாடு காட்டக் காரணம் எதுவும் இல்லை என்றார். ஜூன் மாதமே ராணுவ ஆணை மாறியது.

அதே 1993இல் அமெரிக்கா “கேட்காதே, சொல்லாதே” என்ற சட்டத்தைப் போட்டது. பதினேழு வருடத்தில் 13,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள், அரபு மொழிபெயர்ப்பாளர்கள் உட்பட. ஈராக்கில் போர், மொழி தெரிந்த ஆள் பஞ்சம், ஆனாலும் படுக்கையறை ஒழுக்கம் முக்கியம். இதை ஒழிக்கும் மசோதாவை செனட்டில் முன்நின்று நடத்தியவர் ஜோ லீபர்மேன், மரபு தவறாத யூதர். சீர்திருத்த யூதர்களின் அமைப்புகள் அவர் பக்கம். எதிர்ப்பக்கம் நின்றவர்களில் ஒருவர் நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த யூத குரு, ரபி யெஹூதா லெவின். பட்டாளத்தில் இதற்கு இடம் கொடுத்தால் பூமி நடுங்கும் என்று தல்மூத் என்ற யூத மறைநூலை ஆதாரம் காட்டி 2010இல் வீடியோ போட்டார். உறுப்பை ஆட்டக் கூடாத இடத்தில் ஆட்டினால், நான் பூமியை ஆட்டுவேன் என்பது கடவுளின் கணக்காம்.

கடைசி வாக்கெடுப்பு 2010 டிசம்பர் 18. என்ன கிழமை? சனி. யூதர்களின் ஓய்வுநாள். வண்டி ஏறக் கூடாது, வேலை செய்யக் கூடாது. ஓய்வுநாளில் ஓட்டுப்போட நேர்ந்தால் நடந்தே செனட்டுக்குப் போவது லீபர்மேன் வழக்கம். 65க்கு 31 என்று மசோதா வென்றது. எங்கள் கொங்கணச் செக்கார்கள் சனிக்கிழமை எள்ளைத் தொடவில்லை. இவர் சனிக்கிழமையன்றுதான் ஆட்ட வேண்டியதை ஆட்டினார்.

நிலநடுக்கக் கோட்பாட்டை நானும் சோதித்துப் பார்த்தேன். 1967 ஜூலையில் லண்டனில் சட்டம், டிசம்பரில் கொய்னாவில் நடுக்கம். ரபிக்குத் தெரிந்தால் துள்ளிக் குதிப்பார். ஆனால் லண்டன்காரர்கள் செய்ததற்கு சத்தாரா மாவட்டத்தை ஏன் தண்டிக்க வேண்டும்? புவியியலாளர்கள் பாவம், கொய்னா அணையில் தேக்கிய தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டுகிறார்கள். தேக்கி வைத்தால்தான் நடுங்கும் என்பது எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

*

நம் கதைக்கு வருவோம். புனேவை அடுத்த கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி. முப்படைக்கும் அதிகாரிகளைக் கடைகிற இடம். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் கடற்படையின் பெஞ்சமின் ஆபிரகாம் சாம்சன், பெனே இஸ்ரேல் யூதர். 1965 போரின்போது இந்தியக் கப்பற்படைத் தொகுதியே அவர் கையில் இருந்தது. பெயர் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? கலாக்ஷேத்திராவின் லீலா சாம்சன் அவர் மகள்தான். அசல் யூதர்தானா என்று பாக்தாத்காரர்கள் சந்தேகப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவரை, நீ யார் என்று கேட்டுவிட்டு, பதில் தெரிந்தபின்னும், அகாடமிச் சாவியைக் கையில் கொடுத்தது இந்த நாடு. திறந்துகிடந்த அடையாளத்தால் ஒரு கப்பலும் மூழ்கவில்லை.

2018 செப்டம்பர் 6. உச்ச நீதிமன்றம் 377ஐக் கத்தரித்தது. அடுத்த ஜனவரியில் தரைப்படைத் தளபதி பிபின் ராவத் பத்திரிகையாளர்களிடம் பேசினார். இதைப் படைக்குள் விடமாட்டோம், ராணுவம் பழமை பேணுவது, நாங்கள் நவீனமாகவும் ஆகவில்லை, மேற்கத்தியமாகவும் ஆகவில்லை என்பது சாரம். ராவத் 2016இல் புனேயில் தெற்குக் கட்டளையகத்தின் தலைவராக இருந்தவர், லால் தேவூள் சிவப்பு அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அவரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்க ஆசைப்பட்டிருப்பேன். சார், மெஸ்ஸில் முள்கரண்டி மேற்கத்தியம், பேண்டு வாத்தியம் மேற்கத்தியம், ரெஜிமென்ட் என்ற சொல்லே மேற்கத்தியம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ நடத்தைக்கு ஏழு வருடம் வரை சிறை என்ற 46ஆவது பிரிவு இருக்கிறதே, அதன் மொழி மெக்காலே பரணிலிருந்து இறக்கியது. கொண்டுவந்தவர்களே 2000இல் தூக்கிப் போட்டுவிட்ட பொருளைப் பாரம்பரியம் என்று நாம் துடைத்து வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் விட்டுப்போன கோட்டை அவன் வந்து கேட்டாலும் தரமாட்டோம்.

2020இல், முன்பு ராணுவத்தில் மேஜராக இருந்த ஜே. சுரேஷ் வெளிப்படையாகத் தன்னைப் பற்றிச் சொன்னார். அதைத் தூண்டுதலாகக் கொண்டு இயக்குநர் ஓனிர் ஒரு திரைக்கதை எழுதினார். 2022இல் பாதுகாப்பு அமைச்சகம் ஆட்சேபமில்லாச் சான்று தர மறுத்தது. நிஜ மேஜர் பல வருடம் பணியாற்றலாம், சம்பளம் வாங்கலாம். நடிகர் அவர் உடுப்பை மாட்டி இரண்டு மணி நேரம் நடித்தால் படைக்கு இழுக்கு. பூசணிக்காய் சோற்றில் இருக்கலாம், படம் மட்டும் எடுக்கக் கூடாது.

போன தடவை புனே போனபோது லால் தேவூள் வாசலில் நின்றேன். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இம்மாதிரி இடங்களில் வாசலிலேயே காவல். உள்ளே தாவீத் சசூனின் கல்லறை மண்டபம். கொள்ளுப்பேரன்களைப் பற்றி ஒரு வரியாவது அங்கே எழுதியிருக்கிறதா என்று பார்க்க ஆசை. யூதர்களின் பொதுத்தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் சேர்ந்து பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்து நிற்கும்போது, வருகிறவர் யாரோடு குடும்பம் நடத்துகிறார் என்று எந்த ஊரிலும் விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஆப் கோன்?” என்றார் காவலர். நீங்கள் யார்?

திவேகர் மாதிரி நெஞ்சு நிமிர்த்தி, “மதராஸி” என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். நோட்டை நீட்டினார். பெயர், ஊர், போன் நம்பர் என்று மூன்று கட்டம். கேட்டார், சொன்னேன், எழுதினேன். பூமி நடுங்குகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு சிட்டி பஸ் போனது. அவ்வளவுதான்.